வாய வைக்காதீங்க, வாத்தியாரே

“முடிஞ்சு போச்சு. லீட்ஸ் தோத்துரும்” என்றார் மாமா. ஆட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

2024 மே 18, சனிக்கிழமை காலை. பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம், சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய ஒரு மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போகிறவர்கள் மோட்டார்களை நெருக்கி நெருக்கி நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் கறியில் ஊறப்போட்டபடி இதைச் சொன்னார். எதிரே வாத்தியார். தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய தேநீர்க் கிளாஸை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“யாரு, லீட்ஸா தோக்கும்? என்னய்யா பேசுற. எங்க ஆளுங்கள உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவானுங்க.”

முதல் தடவை கேட்கிறவருக்குத் தலை சுற்றும். ஆகவே சொல்லிவிடுகிறேன். மாமா லீட்ஸ் யுனைடெட் பக்தர். வாத்தியார் சவுத்தாம்டன் பக்தர். இரண்டும் இங்கிலாந்துக் கால்பந்து அணிகள், எட்டு நாளில் மோதப் போகிறவை. இரண்டு பேரும் எழுபதை எட்டிப் பிடித்தவர்கள். லீட்ஸ் தோற்கும் என்று சத்தியம் செய்கிறவர் லீட்ஸ்காரர். சவுத்தாம்டனை உரித்துத் தொங்கவிடுவார்கள் என்று பூரிக்கிறவர் சவுத்தாம்டன்காரர். இதே மேசையில் ஆறேழு வருஷமாக இவர்கள் வாதாடுவதைக் கேட்டு வருகிறேன். ஒரு நாளும், ஒரு தடவையும், தன் அணி ஜெயிக்கும் என்று இருவரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காரணம் கண்ணேறு. குழந்தை கொழுகொழு என்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் பாட்டி உடனே “எங்க, சாப்பிடவே மாட்டேங்குது” என்பாள் அல்லவா, அதேதான். கன்னத்தில் மை வைப்பது போல மாமா லீட்ஸுக்கு வாயாலேயே மை வைத்துக்கொண்டிருந்தார்.

மாமா லீட்ஸில் விழுந்தது 1972-இல். அப்போது அவருக்கு 18 வயது. யார் வீட்டிலாவது டிவி பெட்டி இருந்தால் தெருவே போய் உட்காரும் காலம். இங்கிலாந்து ஆட்டங்கள் வாரக்கணக்கில் தாமதமாக, சுருக்கி, கறுப்பு வெள்ளையில் வரும். அப்படி வந்த ஒன்றில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் 11 பேர் கோல் போடுகிற வேலையை விட்டுவிட்டுப் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். குதிகாலால் ஒருத்தன், முழங்காலுக்குப் பின்னால் காலைக் கொடுத்து ஒருத்தன். ஒவ்வொரு தட்டுக்கும் கூட்டம் கத்துகிறது. எதிரணிக்காரர்கள் சந்தையில் குழந்தையைத் தொலைத்தவர்கள் மாதிரி ஓடுகிறார்கள். அந்த ஆட்டம் 1972 மார்ச் 4-ஆம் தேதி லீட்ஸின் சொந்த மைதானமான எல்லண்ட் ரோட்டில் நடந்தது. லீட்ஸ் 7, எதிரணி 0. அந்த எதிரணியின் பெயரை வாத்தியார் முன்னால் சொல்லக்கூடாது. அவருடைய சவுத்தாம்டன்தான் அது.

வாத்தியார் கதை வேறு. அவர் கட்சி சேர்ந்தது வீம்புக்கு. 1976 எஃப்ஏ கிண்ண இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டும், இரண்டாம் டிவிஷனில் கிடந்த சவுத்தாம்டனும். அவர் தங்கியிருந்த விடுதியில் அத்தனை பேரும் மான்செஸ்டர். “எல்லாரும் ஒரு பக்கம் நின்னா எனக்கு மூச்சு முட்டும்மா” என்பார். அதனால் சவுத்தாம்டன் என்று சொல்லிவைத்தார். 83-ஆவது நிமிடம் பாபி ஸ்டோக்ஸ் ஒரு கோல் போட்டார், 1–0. விடுதியில் அன்றிரவு யாரும் அவரோடு பேசவில்லையாம். அந்த ஒரு இரவுச் சந்தோஷத்துக்கு 48 வருஷமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு எல்லாம் வந்து போயின. சவுத்தாம்டன் மட்டும் போகவில்லை.

மாமா வாயை அடக்கக் கற்றது 1973-இல். எஃப்ஏ கிண்ண இறுதியில் லீட்ஸுக்கு எதிரே சண்டர்லாந்து, அதுவும் இரண்டாம் டிவிஷன் அணிதான். மாமா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார், மூன்று கோலுக்குக் குறையாது என்று. ஒரு வாரச் சம்பளத்தையும் வைத்துவிட்டார். இயன் போர்ட்டர்ஃபீல்ட் ஒரே ஒரு கோல் போட்டார். அதன்பின் லீட்ஸ் அடித்ததையெல்லாம் ஜிம் மான்ட்கோமரி என்ற கோல்கீப்பர் தடுத்தார். அதிலும் அடுத்தடுத்து இரண்டு பந்துகள். ஒன்றைத் தட்டிவிட்டு விழுந்தவர், திரும்பி வந்த பந்து பீட்டர் லோரிமர் காலில் பட்டு வேகமாக வர, அதையும் எட்டித் தட்டிக் கம்பத்தில் படவைத்தார். 1–0. மாமா அதை நேரில் பார்க்கவில்லை, வானொலியில் கேட்டார். கேட்டவர் இன்றைக்கும் அந்த இரண்டு தடுப்பையும் ரொட்டித் துண்டையும் பருப்புக் கிண்ணத்தையும் வைத்து நடித்துக் காட்டுவார்.

“நான்தான் வாய வச்சேன்” என்பார். 1975-இல் பாரிஸில் பாயர்ன் மியூனிக்கோடு ஐரோப்பியக் கிண்ண இறுதி. லோரிமர் போட்ட கோலைச் செல்லாது என்றார்கள், லீட்ஸ் 2–0 என்று தோற்றது. அதற்கு மாமா பொறுப்பில்லை. அந்தத் தடவை வாயே திறக்கவில்லையாம். “அப்ப யாரோ வேற ஒருத்தன் வச்சிருக்கணும்.”

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் பிரிமியர் லீக்குக்கு அடுத்த படியில் 24 அணி, ஆளுக்கு 46 ஆட்டம். முதல் இரண்டு இடம் நேராக மேலே போகும். அந்த வருஷ விதிப்படி 3 முதல் 6 வரை முடித்த நாலு பேரும் பிளே ஆஃப் ஆடி, ஒருத்தர் மட்டும் போகலாம். அரையிறுதி இரண்டு ஆட்டம், இறுதி வெம்பிளியில் ஒரே ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்தின் மதிப்பு 14 கோடி பவுண்டுக்குக் குறையாது என்று அந்த வருஷம் பேசிக்கொண்டார்கள். நம்ம மலேசிய வெள்ளியில் மாற்றிப் பார்க்க வாத்தியார் முயன்றார். கைப்பேசிக் கால்குலேட்டரில் பூஜ்யங்கள் ஓரத்தில் போய்விட்டதும் விட்டுவிட்டார்.

2023-இல் லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்டன் மூன்றும் ஒன்றாகத்தான் கீழே இறங்கின. லெஸ்டர் 97 புள்ளியோடு உடனே ஏறிவிட்டது. கூடவே இப்ஸ்விச் 96. லீட்ஸ் 90, சவுத்தாம்டன் 87. அரையிறுதியில் லீட்ஸ் நார்விச்சோடு 0–0 சமன் செய்து, திரும்ப எல்லண்ட் ரோட்டில் 4–0 போட்டது. சவுத்தாம்டன் வெஸ்ட் புரோமோடு 0–0, பிறகு 3–1. அந்த இரண்டாவது ஆட்டம் நம்ம நேரத்துக்கு அந்தச் சனிக்கிழமை விடியற்காலை முடிந்தது. வாத்தியார் கண் சிவந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

எட்டு நாளும் வாதம் நடந்தது. நான் வேலை முடிந்து மாலையில் போய் உட்கார்ந்து கேட்பேன். தன் அணியைத் திட்டுவதில் இருவருக்கும் இருந்த தயாரிப்பு, மற்ற விசிறிகளுக்குப் புகழ்வதில்கூட இருக்காது.

மாமா பக்கம் இப்படி: “இந்த சீசன்ல ரெண்டு தடவ மோதுனோம். செப்டம்பர்ல அங்க போய் 3–1 தோத்தோம். மே 4-ஆம் தேதி எங்க வீட்டுலயே 2–1. ரெண்டு தடவையும் யார் போட்டது? ஆம்ஸ்ட்ராங், ஸ்மால்போன். ஆம்ஸ்ட்ராங், ஸ்மால்போன். வேற ஆளே இல்ல. தெரிஞ்சும் தடுக்க முடியல. மூணாவது தடவ மட்டும் தடுத்துருவானுங்களா?”

வாத்தியார்: “ரெண்டு தடவ ஜெயிச்சவன் மூணாவது தடவ அசந்துருவான்யா. அது போகட்டும். ஏப்ரல் 23, லெஸ்டர்கிட்ட நாங்க எத்தன வாங்குனோம்? அஞ்சு. அஞ்சுக்கு பூஜ்யம். அத ஒரு தடுப்பாட்டம்னு சொல்வியா?”

“அதுக்கு மூணு நாள் கழிச்சு குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எங்களுக்கு நாலு குடுத்தானே! அவன் பட்டியல்ல எங்க கிடக்குறான், லெஸ்டர் எங்க இருக்கான்? உங்க அஞ்சு கௌரவமான அஞ்சு, வாத்தியாரே.”

கடைக்கார பாய் லிவர்பூல்காரர். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் தோத்தா யாரு மேல போவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை வாத்தியார் கனமான சரக்கோடு வந்தார். லீட்ஸின் கிரிசென்சியோ சம்மர்வில் அந்த டிவிஷனின் அந்த வருஷச் சிறந்த ஆட்டக்காரர். இடது பக்கம் நின்று உள்ளே வெட்டி வலது காலால் வளைத்து அடிப்பவர். பயிற்சியாளர் டேனியல் ஃபார்கா நார்விச்சை 2019-இலும் 2021-இலும் வாகையராக மேலே கொண்டுபோன மனுஷன். “எங்க ரஸல் மார்ட்டின் என்னா பண்றாரு? கோல்கீப்பர் காலடியிலேருந்து சின்னச் சின்னதா தட்டிக் கொண்டு வரணும்ங்கறாரு. சம்மர்வில் மாதிரி, ரூட்டர் மாதிரி ஓடுறவனுங்க முன்னாடி அப்படித் தட்டுனா எப்படி? ஒரு தடவ பறிகொடுத்தா கோல்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “2005 ஞாபகம் இருக்கா?” என்றார்.

மாமாவுக்கு இருந்தது. மாமா முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். 2005 நவம்பரில் சவுத்தாம்டன் தன் சொந்த மைதானத்தில் 3–0 முன்னிலையில் இருந்தது. இன்னும் 20 நிமிடம்தான். லீட்ஸ் நாலு கோல் போட்டு 4–3 ஜெயித்தது. ஆனால் மாமா உடனே சுதாரித்துக்கொண்டார்.

“அது பழைய கத. வெம்பிளி வேற. 1992-க்கு அப்புறம் வெம்பிளியில நாங்க ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல. பிளே ஆஃப் ஆரம்பிச்ச வருஷம், 1987, அதுலயே தோத்தோம். 2006, 2008, 2009, 2019. அஞ்சு தடவ போய் அஞ்சு தடவயும் வெறுங்கையோட வந்தவங்கம்மா நாங்க. இது ஆறாவது.” கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார், சாட்சிக்கு.

அன்றைக்குத்தான் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஏழு நாள் பசியாற வாங்கித் தர வேண்டும், ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும். மாமா சவுத்தாம்டன் மேல் கட்டினார். வாத்தியார் லீட்ஸ் மேல். எனக்கு அது காப்புறுதி எடுப்பது மாதிரி தோன்றியது. மனசு உடைந்தால் வயிறாவது நிறையும். மாமாவிடம் அப்படிச் சொன்னேன். “காப்புறுதி இல்லம்மா, காணிக்க” என்றார். தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வதுதானே என்று கேட்டேன். “முருகன் தலையில இங்கிலீஷ் லீக்கயும் கட்டாத. அவருக்குத் தைப்பூசத்துல உடைக்கிற தேங்காய எண்ணவே நேரம் பத்தல.”

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரக் கட்டுப்பாடு. எண்கள்தான் என் பிழைப்பு. இந்தக் கண்ணேறு வாதத்தைக் கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்து, வியாழக்கிழமை ராத்திரி ஒரு தாளில் உட்கார்ந்து எழுதினேன். 2014 முதல் 2023 வரை பத்து பிளே ஆஃப். 3-ஆம் இடத்தில் முடித்த அணி மேலே போனது 4 தடவை: நார்விச், ஃபுல்ஹாம், பிரெண்ட்ஃபோர்ட், லூட்டன். 4-ஆம் இடமும் 4 தடவை: குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், ஹல், மறுபடி ஃபுல்ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 5-ஆம் இடம் 2 தடவை. 6-ஆம் இடம் ஒன்றுகூட இல்லை, 2010-இல் பிளாக்பூல் போனதோடு சரி. அதாவது லீட்ஸ் மூன்றாவது, சவுத்தாம்டன் நாலாவது என்பதில் ஒரு உபயோகமும் இல்லை. நாலுக்கு நாலு.

எனக்கு அதில் பிடித்தது 2017-இன் ஹடர்ஸ்ஃபீல்ட். 46 ஆட்டத்தில் 56 கோல் போட்டு 58 வாங்கிய அணி. பிளே ஆஃப் மூன்று ஆட்டத்தில் அவர்கள் ஆள் ஒருவர்கூட ஆட்ட நேரத்தில் கோல் போடவில்லை. கிடைத்த ஒரே கோல் எதிரணித் தடுப்பாட்டக்காரர் தன் வலைக்குள்ளேயே தள்ளியது. மிச்சமெல்லாம் பெனால்டி. பிரிமியர் லீக்குக்குப் போய்விட்டார்கள்.

என் வேலையில் ஒரு லாட் வந்தால் அதிலிருந்து கணக்குப்படி இத்தனை துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு துண்டை எடுத்துப் பார்த்து “லாட் நல்லா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டால் சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 46 ஆட்டம் ஆடிய பட்டியல்தான் லாட். அது லீட்ஸ் மூன்று புள்ளி மேல் என்கிறது. வெம்பிளி என்பது ஒரு துண்டு. அந்த ஒரு துண்டுக்குத்தான் 14 கோடி பவுண்டு. எந்தத் தொழிற்சாலையும் இப்படி நடத்த முடியாது.

மறுநாள் இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, ஆக ஐம்பதுக்கு ஐம்பது என்றேன்.

மாமா என் தாளை வாங்கி, எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்து, முழுக்கப் படித்தார். “ஐம்பதுக்கு ஐம்பதுன்னு சொல்லவா உங்கம்மா உன்ன யுனிவர்சிட்டிக்கு அனுப்புனா?”

வாத்தியார் சிரித்த சிரிப்பில் பின் மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடையில் கல்லாவில் இருக்கும் பையன் ஜொகூர்க்காரன், ஜேடிடி என்கிற ஜொகூர் அணியின் விசிறி. அவன் என் பக்கம் நின்றான். “அக்கா சொல்றது சரி அங்கிள். 2021 மலேசியக் கிண்ண இறுதிய பாருங்க.” அதை அவனே எடுத்தது பெரிய விஷயம். 2014-இலிருந்து வருஷம் தவறாமல் சூப்பர் லீக் வாகை ஜொகூர்தான். அப்படிப்பட்ட அணியை 2021 நவம்பர் 30 அன்று புக்கிட் ஜாலிலில் கோலாலம்பூர் சிட்டி 2–0 என்று சாய்த்தது. ஜஃப்ரி யாஹ்யா ஒன்று, பாவுலோ ஜோசுவே ஒன்று. பத்துத் தடவை ஆடவிட்டால் எட்டுத் தடவை ஜொகூர் ஜெயித்திருக்கும் என்பது பையன் கட்சி. இருக்கலாம். ஆடியது ஒரு தடவை.

மாமா விடவில்லை. கடைக்குப் பின்னால் தெரிந்த ஸ்டேடியம் சுவரைக் காட்டினார். “2016 பிப்ரவரி. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். பகாங்கோட ஆட்டம். ஃபைஸ் சுப்ரி ஃப்ரீ கிக் அடிக்கிறான். பந்து எடது பக்கமா கெளம்புது. கோல்கீப்பரும் அந்தப் பக்கம் போறான். நடுவானத்துல அது மனச மாத்திக்கிட்டு வலது பக்கம் போய் உள்ள விழுது. நான் இருந்தேன். அடிக்கிறதுக்கு முன்னாடி உன்னக் கேட்டிருந்தா எத்தன பர்சன்ட்னு சொல்லியிருப்ப?”

எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த கோலுக்கு 2017 ஜனவரியில் ஜூரிக்கில் புஸ்காஸ் விருது கொடுத்தார்கள். உலகத்திலேயே அந்த வருஷத்தின் அழகான கோல், இந்த மீன் நாற்றமடிக்கிற சந்தைக்குப் பக்கத்தில் விழுந்தது. விருது மேடையில் ஃபைஸ் பேச வேண்டியதைக் கைப்பேசியில் எழுதி வைத்துவிட்டு, அதைத் தேடித் தவித்தார். பினாங்கே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவருக்காக வியர்த்தது.

இதற்கு நடுவே மாமா ஒன்று சொன்னார், யாரும் கேட்காமலேயே. “1974-ல லீட்ஸ் லீக் ஜெயிச்சுச்சு. அதே வருஷம் பினாங்கு பேராக்க அடிச்சு மலேசியக் கிண்ணம் ஜெயிச்சுச்சு. எனக்கு இருபது வயசு. எல்லா வருஷமும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.” லீட்ஸ் அதற்கப்புறம் 1992-இல் ஒரு தடவை ஜெயித்தது. பினாங்கு மலேசியக் கிண்ணத்தை இன்னும் திரும்பத் தூக்கவில்லை.

ஞாயிறு, மே 26. அங்கே பிற்பகல் மூன்று மணி, நமக்கு ராத்திரி பத்து. பாய் பெட்டியை வெளியே நாற்காலிகள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மாமா வெள்ளைச் சட்டையில் வந்தார். லீட்ஸ் சட்டை இல்லை, கோயிலுக்குப் போடுகிற சாதாரண வெள்ளைச் சட்டை. தற்செயல் என்றார். வாத்தியார் மைலோ ஐஸ் சொன்னார். அவர் ராத்திரியில் தே குடித்தால் தூங்க மாட்டார்.

முதல் இருபது நிமிடம் லீட்ஸ் கையில்தான் ஆட்டம். வாத்தியார் “பாத்தியா, நான் சொல்லல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலவீனமாக. அப்போது மழை பிடித்தது. இந்தத் தீவில் மழை வந்தால் கூரைமேல் இருக்கும் தட்டுக்கு முதலில் சளி பிடிக்கும். படம் கட்டம் கட்டமாக உடைந்தது, குரல் விக்கியது, திரை நீலமாகிவிட்டது. பாய் ஒரு நாற்காலிமேல் ஏறி வயரை ஆட்டினார். தார்ப்பாய் ஓரத்திலிருந்து தண்ணீர் வாத்தியார் தோளில் கொட்டியது. அவர் நகரவில்லை.

மணி 10.24 இருக்கும். கல்லாப் பையனுடைய கைப்பேசி ‘டிங்’ என்றது. அவன் பார்த்தான். தலை நிமிர்ந்தான். இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னா தம்பி?”

“ஒண்ணு பூஜ்யம்.”

“யாரு?”

பாவம் அவன், யாருக்குத் துக்கம் யாருக்குச் சந்தோஷம் என்று தெரியாமல் திணறினான். பந்தயம்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மாமாவைப் பார்த்து மெல்லச் சிரித்து, “அங்கிள், நீங்க ஜெயிக்கிறீங்க” என்றான்.

மாமா முகத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. வாத்தியார் மைலோவைக் கலக்க ஆரம்பித்தார். ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டது. கரண்டி கிளாஸில் பட்டு டிங் டிங் என்று சத்தம். வாய் கோணாமல் இருக்க அவர் படும் பாடு அந்தக் கரண்டியில் தெரிந்தது.

எட்டு நாள் பேசிய ஆட்டத்தின் ஒரே கோலை நாங்கள் பார்க்கவில்லை. இடைவேளையில் படம் திரும்பி வந்தபோது மறுபடி காட்டினார்கள். ஸ்மால்போன் நடுவில் ஒரு பந்தைச் செருகுகிறார். ஆம்ஸ்ட்ராங் ஓடி வாங்கி, கோல்கீப்பர் மெலியேவைத் தாண்டித் தரையோடு குறுக்கே அடிக்கிறார். ஆம்ஸ்ட்ராங், ஸ்மால்போன். மாமா மேசையில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினார், பெயருக்கு ஒன்றாக.

இரண்டாம் பாதியில் சவுத்தாம்டன் பின்னால் போய் நின்றுகொண்டது. லீட்ஸ் முட்டியது. பந்து காலில் இருக்கிறது, கதவு எங்கே என்று தெரியவில்லை. 80 நிமிடம் தாண்டி, மாற்றாக வந்த டேனியல் ஜேம்ஸ் ஒன்று அடித்தார். அது குறுக்குக் கம்பத்தில் மோதி வெளியே போனது. அந்த ஒரு நொடியில் 51 வருஷ விரதம் கலைந்தது. மாமா நாற்காலி பின்னால் சாய எழுந்து, “போடுறா!” என்று கத்திவிட்டார். சாலையில் போன மோட்டார்க்காரன் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, நல்ல வேள” என்றார். லீட்ஸ் மேல் பந்தயம் கட்டியவர்.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

ஊதல் வந்தது. வாத்தியார் எழுந்து கை நீட்டினார். மாமா கொடுத்தார்.

“நான்தான் சொன்னேனே, தோக்கும்னு.”

“நீ சொல்லிச் சொல்லித்தான்யா தோத்துச்சு.”

“நானா? நீங்கதான் எட்டு நாளா லீட்ஸ் ஜெயிக்கும், லீட்ஸ் ஜெயிக்கும்னு வாய வச்சீங்க. வாய வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?”

ஒரு மணி வரைக்கும் இதுதான். ஆம்ஸ்ட்ராங்கை யார் விட்டார்கள், ஃபார்கா ஏன் ஆட்களை முன்னதாக மாற்றவில்லை, ஒன்றும் பேச்சில் இல்லை. தோல்விக்கு யார் வாய் காரணம் என்பதுதான் ஆய்வு. என் தாள் எங்கோ நனைந்து போயிருந்தது.

ஏழு நாள் பசியாற விஷயம்: முதல் நாள் மாமா வரவில்லை. மறுநாள் வாத்தியார் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தார். ஜெயித்தவன் சாப்பிடாவிட்டால் தோற்றவனுக்குப் பாவம் என்று ஒரு புது சாஸ்திரம் சொன்னார். மாமா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாத்தியார் காசில் ரொட்டி தின்றார். வாத்தியார் எண்ணி எண்ணிச் சந்தோஷமாகக் காசு கொடுத்தார். நடுவில் ஒரு நாள் மாமாவுக்குச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு கிளினிக் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் பாக்கி நின்றது.

சம்மர்வில் போனார், ரூட்டர் போனார், 18 வயது ஆர்ச்சி கிரேயும் போனார், எல்லாரையும் மேலே இருக்கிற அணிகள் வாங்கிக்கொண்டன. மாமா “இந்த வருஷம் இன்னும் கீழ எறங்கிருவோம்” என்று ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டார். லீட்ஸ் 100 புள்ளி எடுத்தது. பர்ன்லியும் அதே 100, கோல் வித்தியாசத்தில் லீட்ஸ் வாகையர். கடைசி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் மனோர் சாலமன் கோல் போடும் வரை மாமா வாயைத் திறக்கவில்லை.

சவுத்தாம்டன் பிரிமியர் லீக்கில் அந்த வருஷம் பட்டதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. டிசம்பரில் பயிற்சியாளர் மார்ட்டினை அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் முதல் வாரமே, இன்னும் ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே, இறங்குவது முடிவாகிவிட்டது. மொத்தம் 12 புள்ளி. 2008-இல் டெர்பி எடுத்த 11-தான் அதற்கும் கீழே. அந்தப் 12-ஆவது புள்ளி வந்த அன்று வாத்தியார் கடைக்கு கேசரி கொண்டுவந்தார்.

2025 மே மாதம், லீட்ஸ் வாகை சூடிய மறுநாள் காலை. அதே மேசை. மாமா உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“அடுத்த வருஷம் பாருங்க. போன வேகத்துல எறங்கிருவோம். நீங்க ஏறி வந்துருவீங்க.”

“நாங்களா? எங்க ஆளுங்களுக்கு மூணாவது டிவிஷனுக்கு வழி கேக்கத்தான் நேரமிருக்கும். உங்களுக்கென்னய்யா, ஐரோப்பாவே போவீங்க.”

“வாய வைக்காதீங்க, வாத்தியாரே.”

வாத்தியார் கல்லாப் பக்கம் திரும்பி, “தம்பி, போன வருஷ பாக்கி ஒண்ணு இருக்கு. இவருக்கு ஒரு ரொட்டி சானாய், என் கணக்குல” என்றார்.

“ரொட்டி தெலூர். ரெண்டு முட்ட போட்டு” என்றார் மாமா.

“பந்தயம் ரொட்டி சானாய்தானேய்யா?”

“வட்டி.”